வெறும் பலகையும் எங்கள் தயக்கமும்

ஒரு செயலைச் செய்யத் தெரியாமல் நின்றுவிடுவோர் உலகில் சிலர். செய்தால் கெட்டுவிடுமோ என்று அஞ்சி நின்றுவிடுவோர் பலர். தெரியாமையை நூல்கள் போக்கும், ஆசிரியர் போக்குவர். அச்சத்தைப் போக்குவதற்கோ செயலைத் தவிர வேறு மருந்து இல்லை. இவ்வுண்மையை நாங்கள் ஒரு பொம்மை இரயில்வண்டியிடமிருந்து கற்றுக்கொண்டோம் என்றால் சிலர் நகைக்கக் கூடும். ஆயினும் நடந்தது அதுவே. எங்கள் பள்ளிக் கைவினைக் கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோர்களுமாகிய நாங்கள், 8 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட ஒரு பலகையின் முன் ஏறத்தாழ ஈராண்டுக் காலம் தயங்கி நின்றதையும், அத்தயக்கம் நீங்கிய வகையையும் இம்மலரின் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பலகை வந்த வகை

2022ஆம் ஆண்டில், இரயில்வேயில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு ஒரு பெட்டியை அன்பளிப்பாக வழங்கினார். அதனுள் ஓர் இயந்திர வண்டியும், நான்கு பெட்டிகளும், துண்டு துண்டாகத் தண்டவாளங்களும் இருந்தன. தச்சுத் தொழில் செய்யும் தந்தை ஒருவர் பலகையைச் செய்து தந்தார். மூன்று சனிக்கிழமைகளில் மாணவர்கள் பாதையைப் போட்டு முடித்துவிட்டனர்.

பாதை போடுவதில் எவருக்கும் தயக்கம் எழவில்லை. ஏனெனில் அதற்கு விதிகள் உண்டு. இரு துண்டுகள் நேராகப் பொருந்தினால் மின்சாரம் பாயும், பொருந்தாவிட்டால் பாயாது. வளைவு சரியாக இருந்தால் வண்டி ஓடும். இல்லையேல் தடம் புரளும். சரி எது, தவறு எது என்பதை வண்டியே சொல்லிவிடும். 12 வோல்ட் மின்சாரத்தில் வண்டி ஓடத் தொடங்கியபோது மாணவர்கள் கைதட்டி ஆர்ப்பரித்தனர்.

வண்டி ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் அது எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று கேட்டால் விடை இல்லை. மலை இல்லை, மரம் இல்லை, மனிதர் இல்லை. வெறும் பலகையின்மேல் ஒரு வட்டம்; அவ்வளவே.

நம் முன்னோர் வாழ்ந்த பால்மரத் தோட்டம் ஒன்றை அப்பலகையின்மேல் உருவாக்க வேண்டும் என்று எல்லாரும் ஒருமனதாகப் பேசினோம். அடுத்த மாதம் தொடங்குவோம் என்றோம். பள்ளி விடுமுறையில் தொடங்குவோம் என்றோம். தேர்வு முடியட்டும் என்றோம். பலகை வெறுமையாகவே கிடந்தது.

தயக்கத்தின் வேர்கள்

ஏன் தயங்கினோம்? காரணங்களுக்குக் குறைவில்லை. சாந்து தண்டவாளத்தில் சிந்தினால் ஓடுகின்ற வண்டியும் நின்றுவிடுமே என்றார் ஒருவர். ஓவியம் பயின்றவர் எவரும் நம்மிடையே இல்லையே என்றார் மற்றொருவர். மலை மலைபோல் இராமல் மாவுருண்டைபோல் இருந்தால் காண்போர் சிரிப்பார்களே என்றனர் மாணவர்கள். மலைக்கு அளவுகோல் கிடையாது. மரத்திற்கு விதிநூல் கிடையாது. தவறினால் எச்சரிக்கும் மணியும் கிடையாது. விதி இல்லாத இடத்தில்தான் மனிதனுக்குக் கை நடுங்குகிறது.

இவை மேலோட்டமான காரணங்கள். அடியில் வேறொன்று இருந்தது. கூட்டம் ஒன்றில் தந்தை ஒருவர் எழுந்து, “லயத்து வீடுகளை ஏன் செய்ய வேண்டும்? நாம் பாடுபட்டு விட்டு வந்த இடம் அது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்சிப்பொருளாக வைத்தால் அவர்கள் வெட்கப்பட மாட்டார்களா? கோயிலையும் துரை பங்களாவையும் வைத்தால் போதாதா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் வலி இருந்தது. ஆகையால் எவரும் உடனே மறுமொழி கூறவில்லை. வெறும் பலகையாக இருக்கும்வரை அது யாருடைய ஊராகவும் இருக்கலாம். ஒரு வீட்டை வைத்துவிட்டால் அது நம் ஊராகிவிடும். அதற்குப் பிறகு, அந்த ஊரைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதை மறைக்க இயலாது. எங்கள் கைகளைக் கட்டிப்போட்டது இந்த எண்ணமே என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

இரயிலும் தோட்டமும்

இரயில்பாதையின் அருகே தோட்டத்தை வைப்பது வெறும் அழகுக்காக அன்று. மலாயாவின் முதல் இரயில்பாதை 1885ஆம் ஆண்டு சூன் திங்கள் முதல் நாளில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கும் இடையே திறக்கப்பட்டது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை, லாருட் வட்டாரத்து ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்லப் போடப்பட்டது. அடுத்த ஆண்டே கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துக்கும் இடையே பாதை ஓடியது. 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளிலிருந்து பரவிய பால்மரம், பின்னாளில் இத்தகைய பாதைகளையும் சடக்குகளையும் ஒட்டியே தோட்டம் தோட்டமாகப் பெருகியது. பாதை போட்ட கைகளிலும் பால்மரம் வெட்டிய கைகளிலும் தமிழர் கைகள் பெரும்பங்கு உடையவை. நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோரும் பலர்.

போர்ட் வெல்ட் இன்று கோலா செபெத்தாங் என வழங்குகிறது. அங்கே இப்பொழுது தண்டவாளம் இல்லை. ஆனால் நிலையத்தின் பழைய பெயர்ப்பலகை நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் அப்பெயர் எழுதப்பட்டிருக்கிறது. பாதை போய்விட்டது, எழுத்து நிலைத்து நிற்கிறது.

துயரமான பக்கமும் உண்டு. ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாமையும் பர்மாவையும் இணைக்க ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளப் பாதை போடப்பட்டது. அதற்காக நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் இரயிலேற்றி அனுப்பப்பட்டனர்; திரும்பி வராதோர் மிகப் பலர். ஆகவே தோட்டத்து மக்களுக்கு இரயிலின் ஊதல் ஒலி வெறும் ஒலியன்று. வந்ததும் அதனால், பிரிந்ததும் அதனால்.

அளவு சொல்லித்தந்த பாடம்

தயக்கத்தின் முதல் முடிச்சை அவிழ்த்தது கணிதப் பாடம். எங்கள் வண்டி 87இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டது. அதாவது உண்மையில் 1 மீட்டராக இருப்பது இங்கே ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர். ஆறாம் ஆண்டு மாணவர்கள் கணக்கிட்டுப் பார்த்தனர். 160 செண்டிமீட்டர் உயரமுள்ள ஒரு தாய் 18 மில்லிமீட்டர் ஆகிறார். 20 மீட்டர் உயரப் பால்மரம் 23 செண்டிமீட்டர் ஆகிறது. எங்கள் பலகை முழுவதும் ஏறத்தாழ ஐந்தரை ஏக்கர் நிலத்துக்கு மட்டுமே ஈடாகும்! பல நூறு ஏக்கர் தோட்டத்தை அதில் எவ்வாறு அடக்குவது?

அப்பொழுது ஒரு மாணவி இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். எங்கள் தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. அது ஐரோப்பாவில் பெருவழக்காக உள்ள பாதையின் அகலம். நம் நாட்டு இரயில்பாதையின் அகலமோ 1,000 மில்லிமீட்டர். “ஐயா, நம் பாதையே நம் நாட்டுப் பாதை இல்லையே!” என்றாள் அவள்.

அனைவரும் சிரித்தோம், பின்னர் சிந்தித்தோம். அச்சு மாறாத உருவம் என்பது தொடக்கத்திலேயே இயலாத ஒன்று. இயலாத ஒன்று கெட்டுவிடுமோ என்று அஞ்சுவதில் பொருள் உண்டா? ஐந்தரை ஏக்கரில் எல்லாவற்றையும் வைக்க முடியாது; ஆகவே எதை வைக்க வேண்டும் என்பதே கேள்வி. மரங்களை 23 செண்டிமீட்டர் உயரத்தில் செய்தால் அவை வீடுகளை விழுங்கிவிடும். ஆகவே 12 செண்டிமீட்டராகக் குறைத்துக்கொண்டோம். அளவு பொய்யானாலும் காட்சி மெய்யாக இருக்கலாம் என்பதை உணர்ந்தோம்.

ஒரு சதுர அடி

இரண்டாம் முடிச்சை அவிழ்த்தது ஒரு சிறு பலகை. பெரிய பலகையில் கைவைக்க அஞ்சியவர்கள், கழிவுப் பலகைத் துண்டு ஒன்றில் ஒரு சதுர அடி மலை செய்து பார்த்தோம். அது கெட்டால் அடுப்புக்குப் போகும், எவருக்கும் இழப்பில்லை.

பழைய நாளிதழ்களைக் கசக்கிக் குவித்தோம். அட்டைப்பெட்டியை இரு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, கூடை முடைவதுபோல் அதன்மேல் பின்னினோம். பசையில் நனைத்த தாள்களை அப்பின்னலின்மேல் ஒட்டினோம். மாவுப் பசை நம் நாட்டு ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும். கரப்பான் பூச்சிகளும் அரிக்கும். ஆகவே தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் நீர் கலந்துகொண்டோம். மேலே பாரிஸ் சாந்து பூசினோம். ஒரு பக்கத்தில் தடித்து ஒரே முறையும், மறுபக்கத்தில் மெல்லியதாக இரு முறையும் பூசிப் பார்த்தோம். தடித்த பக்கம் வெடித்தது. மெல்லிய பக்கம் உறுதியாக நின்றது. கெட்டியாகும்போது சாந்து சூடேறுவதைத் தொட்டுப் பார்த்து மாணவர்கள் வியந்தனர். ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சூடாக்கி அதன் நீரில் பெரும்பகுதியை வெளியேற்றினால் கிடைப்பதே அச்சாந்து. இழந்த நீரை மீண்டும் ஏற்றுக்கொள்ளும்போது அது வெப்பத்தை வெளிவிடுகிறது. அன்று அறிவியல் பாடம் விரல்நுனியில் நடந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் மறுநாள் கிடைத்தது. மலையின் ஒரு முனை பிடிக்கவில்லை என்று ஒரு மாணவன் அதைக் கத்தியால் செதுக்கிவிட்டு, புதிய சாந்தைப் பூசினான். ஐந்து நிமிட வேலை! தண்டவாளத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினால் வண்டி கவிழும். மலையில் ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் அது மலையே. எதைக் கண்டு அஞ்சினோமோ அதுதான் எல்லாவற்றிலும் பொறுமை மிகுந்தது.

பாட்டி போட்ட கோடு

மூன்றாம் முடிச்சு கடினமானது. அதை அவிழ்த்தவர், பேரனை அழைத்துச் செல்ல வந்த ஒரு பாட்டியார். இளமை முழுவதும் பால்மரம் வெட்டியவர். வெறும் பலகையில் வண்டி சுற்றுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “இந்த வண்டி எங்கேயும் நிற்காதா, ஐயா?” என்று கேட்டார்.

எங்கே நிற்க வேண்டும் என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம். அவர் பலகையின்மேல் விரலை வைத்தார். இங்கே நிற்கும், இறங்கினால் செம்மண் சடக்கு, சடக்கின் இடப்பக்கம் லயம், முன்னால் பைப்படி, அதற்கு அப்பால் ஆயாக் கொட்டகை, மேட்டில் மாரியம்மன் கோயில், விடியுமுன் பெரட்டுக்குக் கூடும் இடம் இது, பால் கொண்டுபோய் நிறுக்கும் ஸ்டோர் இது. தம் தாயின் அண்ணன் சயாமுக்குப் போக வண்டியேறிய இடம் என்று தாயார் காட்டியதையும் ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். அவர் விரல் சென்ற வழியெல்லாம் ஒரு மாணவி சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

லயத்து வீடுகளைப் பற்றிய கேள்வியை அவரிடம் தயங்கித் தயங்கிக் கூறினோம். அவர் கோபிக்கவில்லை. “பங்களாவை மட்டும் வைத்தால், அந்தக் காட்டில் மரம் வெட்டியது யார் என்று பிள்ளைகள் கேட்காதா?” என்றார்.

அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. சுண்ணக்கோடு விழுந்தபின் அதை வெறும் பலகை என்று சொல்ல எவருக்கும் நா எழவில்லை. அத்தோட்டம் செம்பனைக் காடாக மாறி, லயங்கள் இடிக்கப்பட்டு ஆண்டுகள் பலவாகின்றன. அதை விரலால் வரைந்து காட்டக்கூடிய வயதினர் எங்கள் வட்டாரத்தில் மிகச் சிலரே. இன்னும் ஓராண்டு தயங்கினால் சாந்து இருக்கும், பசை இருக்கும், பலகை இருக்கும். ஆனால் வழிகாட்டும் விரல் இருக்குமா?

தோட்டம் எழுந்தது

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வேலையைத் தொடங்கினோம். தண்டவாளத்தை ஒட்டுநாடாவால் மூடிவிட்டு மேட்டை எழுப்பினோம். உண்மையான செம்மண்ணைக் கொணர்ந்து வெயிலில் காயவைத்து, தேநீர் வடிகட்டியால் சலித்தோம். செம்மண்ணில் இரும்புத் துகள்கள் இருக்கும். அவை வண்டியின் மோட்டாருக்குள் புகுந்தால் தொல்லை. ஆகவே மண்ணின்மேல் காந்தத்தைப் பலமுறை ஓட்டி அவற்றை நீக்கினோம். மண்ணைத் தூவியபின், நீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். அதில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பைச் சேர்த்தால் நீர் முத்துமுத்தாக நிற்காமல் மண்ணுக்குள் இறங்கும்.

மரத்தூளுக்குப் பச்சை வண்ணம் ஏற்றி, வேலியோரத்துச் சிறு கிளைகளில் ஒட்டிப் பால்மரங்கள் செய்தோம். அவற்றை நிரை நிரையாக நட்டோம். ஒவ்வொரு மரத்திலும் இடமிருந்து வலமாகச் சரியும் வெட்டுக்கோடும், அதன் அடியில் மங்குக்கு அடையாளமாக ஒரு வெள்ளைப் புள்ளியும் உண்டு. மரங்கள் இலையுதிர்க்கும் பருவத்தில் காடு செம்மஞ்சள் நிறமாகும் என்று பெற்றோர் நினைவூட்டவே, ஒரு மூலையில் அந்நிறத்தையும் தூவினோம்.

லயத்தின் தகரக் கூரைகளைச் செய்தவர் யார் தெரியுமா? முன்பு லயம் வேண்டாம் என்றவரே! அலுமினியத் தாளைச் சீப்பின் பற்கள்மேல் வைத்து விரலால் அழுத்தினால் நெளிநெளியான தகரம் கிடைத்துவிடுகிறது. வரிசையில் ஆறாவது வீட்டுக் கூரையில் மட்டும் ஒரு துரு நிறத் திட்டை அவர் தீட்டினார். மழைக்காலத்தில் அவ்விடத்தில் ஒழுகும் என்றும், அதன் கீழே தம் தாயார் ஒரு வாளியை வைப்பார் என்றும் தம் மகனிடம் கூறினார். அவன் அதுவரை அக்கதையைக் கேட்டதில்லை.

மனிதர்களைத் தீக்குச்சியாலும் களிமண்ணாலும் செய்தோம். 18 மில்லிமீட்டரில் முகம் எழுத முடியாது. தலையில் கட்டிய துணியும், தோளில் காண்டாவும், இரு புறமும் வாளியும் இருந்தால் எவர் என்று நம் மக்களுக்குத் தெரியும். நிலையத்தில் சிறு பெயர்ப்பலகை ஒன்றை நட்டு, தமிழிலும் பெயர் எழுதினோம். இப்பொழுது வண்டியை ஓட்டும் மாணவர், ஒவ்வொரு சுற்றிலும் அங்கே வண்டியை நிறுத்தி, பத்து எண்ணிய பின்னரே கிளப்ப வேண்டும் என்பது கழகத்தின் விதி.

பள்ளித் திறப்பு நாளில் பலர் வந்து பார்த்தனர். கோயில் மரம் ஆலமா, அரசா என்று இரு முதியவர்கள் வாதிட்டனர். கிணறு பாதைக்கு அப்பாலன்றோ இருந்தது என்றார் மற்றொருவர். அவர்கள் சொன்னவற்றை மாணவர்கள் ஏட்டில் குறித்துக்கொண்டனர். ஒருவரும் சிரிக்கவில்லை. வெறும் பலகையைப் பற்றி ஈராண்டுகளில் எவரும் எங்களிடம் ஒரு சொல்லும் கூறவில்லை. குறையோடு கூடிய தோட்டத்தைப் பற்றி ஒரே நாளில் ஓர் ஏடு நிறையக் கூறினர். குறையுள்ள செயலுக்குத் திருத்துவோர் கிடைப்பர். செய்யாத செயலுக்கு எவர் கிடைப்பார்?

மாணவச் செல்வங்களே! கட்டுரைத் தாளின் முதல் வரியில் பேனா நின்றுவிடும்போதும், மேடையேறும் முன் கால் பின்வாங்கும்போதும் இதனை நினைவில் கொள்ளுங்கள். முழுவதையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. ஒரு சதுர அடி போதும். கெட்டால் திருத்தலாம் என்னும் இடத்தில் முதலில் கைவையுங்கள். கை பழகியபின் மனம் தானே பின்தொடரும்.

பெற்றோர்களே! தோட்டத்துப் பெரியோர்களே! உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் வாழ்ந்த லயம், நடந்த சடக்கு, குளித்த பைப்படி ஆகியவை எங்கெங்கே இருந்தன என்பது உங்கள் விரலுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. அழகாக வரையத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். இன்றிரவே, கிழித்துப்போட்ட நாள்காட்டித் தாளின் பின்புறத்தில், பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு ஒரு கோடு போடுங்கள். அக்கோட்டின்மேல் மலையை அவர்கள் எழுப்பிக்கொள்வார்கள்.